நூலகங்களின் உசாத்துணைப் பகுதியும் விக்கிப்பீடியாவும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

திருகோணமலைப் பகுதிப் பாடசாலைகள் சிலவற்றில், மாணவர்கள் தங்கள் ஒப்படைகளிலும் செயற்றிட்டங்களிலும் விக்கிப்பீடியாவை உசாத்துணையாகக் காட்டக்கூடாது என்று சொல்லப்பட்டு வருகிறது. பெற்றோரில் சிலர் ஒரு படி மேலே சென்று, பொது நூலகக் கணினிகளில் அந்தத் தளத்தையே முடக்கிவிட்டால் என்ன என்று கேட்கிறார்கள். நூலக உசாத்துணைப் பகுதியில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையில், இக்கருத்து நல்ல நோக்கத்தோடு சொல்லப்பட்டாலும் பிழையான இடத்தில் பூட்டுப் போடுகிறது என்பதைத் தங்கள் பத்திரிகை வாயிலாக எடுத்துச்சொல்ல விரும்புகிறேன்.

அந்தத் தடையால் விளைந்தது என்ன என்பதை நான் மேசைக்கு இப்பால் இருந்து பார்த்திருக்கிறேன். பிள்ளைகள் விக்கிப்பீடியாவைப் படிப்பதை விடவில்லை. அதன் பெயரை எழுதுவதை மட்டும் விட்டார்கள். ஒரு மாணவி போட்டோப்பிரதி எடுப்பதற்காக நீட்டிய ஒப்படையில், முத்து முத்தான கையெழுத்தில் எழுதப்பட்ட பந்திகளின் இடையிடையே 3, 4, 7 என்ற எண்கள் சதுர அடைப்புக்குறிக்குள் இருந்தன. கட்டுரையின் அடிக்குறிப்பு எண்களையும் சேர்த்தே அவர் பார்த்து எழுதியிருந்தார். கடைசிப் பக்கத்தில் உசாத்துணை நூல்கள் என்ற தலைப்பின் கீழ் இரண்டு பாடநூல்களின் பெயர்கள் இருந்தன. அவ்விரண்டிலும் அந்த விடயம் இல்லை. ஆசிரியரின் சிவப்பு மைச் சரி அடையாளம் பக்கத்துக்குப் பக்கம் விழுந்திருந்தது. அந்த மாணவியைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. விக்கிப்பீடியாவின் உரையை எவரும் படியெடுக்கலாம், மாற்றியும் எழுதலாம். எங்கிருந்து எடுத்தோம் என்பதைச் சொல்ல வேண்டும், மாற்றி வெளியிடுவதை அதே உரிமத்தின் கீழ் வெளியிட வேண்டும் என்பவையே அதன் கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமம் கேட்பவை. எடுத்த இடத்தைச் சொல்லும் அந்தக் கடமையைத்தான் பாடசாலை விதி செய்யவிடாமல் தடுத்திருக்கிறது.

விக்கிப்பீடியா 2001 ஜனவரி 15 ஆம் திகதி ஆங்கிலத்தில் தொடங்கியது. 2003 இல் தொடங்கிய தமிழ்ப் பதிப்பில் இன்று ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் இருக்கின்றன. அதன் தொடக்க காலத்தில் பெரும் பங்காற்றியவர் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் இ. மயூரநாதன் என்பதை நம்மில் பலர் அறியமாட்டார்கள். யாரும் எழுதலாம் என்பதால் எதையும் நம்ப முடியாது என்று ஒரு சாராரும், பலர் பார்ப்பதால் பிழை தங்காது என்று மற்றொரு சாராரும் வாதிடுகிறார்கள். தளம் முழுவதையும் ஒரே தராசில் வைத்துப் பேசும்வரை இந்த வாதம் தீராது. ஒரு கட்டுரையை எடுத்து, அதிலும் ஒரு வாக்கியத்தை எடுத்து, இது எதை ஆதாரமாகக் கொண்டு நிற்கிறது என்று கேட்கும்போதுதான் விடை கிடைக்கும். அந்தக் கேள்வியைக் கேட்கப் பழக்க ஏற்ற இடம் நூலகம். ஏனெனில் ஆதாரமாகக் காட்டப்படும் நூல் பெரும்பாலும் அங்கேதான், பத்தடி தூரத்தில், அலுமாரியில் இருக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். திருக்கோணேச்சரம் போர்த்துக்கேயரால் இடிக்கப்பட்ட ஆண்டு எது என்பது நமது மாவட்டப் பிள்ளைகள் அடிக்கடி கொண்டுவரும் கேள்வி. 1622 என்று ஓரிடத்திலும் 1624 என்று வேறோரிடத்திலும் காண்கிறார்கள். இரண்டும் இணையத்தில் உண்டு, அச்சிட்ட நூல்களிலும் உண்டு. போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா காலத்தில் கோயில் இடிக்கப்பட்டது, அதன் கற்களைக் கொண்டு கோட்டை எழுப்பப்பட்டது என்பவற்றில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. கோட்டைக்குப் பொதுவாகச் சொல்லப்படும் ஆண்டு 1624. இடித்ததையும் கட்டியதையும் ஒரே மூச்சில் எழுதும்போது இரண்டுக்கும் ஒரே ஆண்டு விழுந்துவிடுவது எளிது.

இந்த இடத்தில் உசாத்துணை மேசையில் இருப்பவர் செய்யத்தக்கது, சரியான விடை இதுதான் என்று பிள்ளையின் கையில் ஓர் ஆண்டைக் கொடுத்து அனுப்புவதல்ல. கட்டுரையைத் திறந்து, அந்த வாக்கியத்தின் இறுதியில் உள்ள சிறிய எண்ணை அழுத்தச் சொல்ல வேண்டும். எண்ணே இல்லையென்றால் அந்த வாக்கியத்துக்கு இப்போதைக்கு மதிப்பில்லை. எண் இருந்தால் எந்த நூல், எந்தப் பக்கம் என்று பார்க்க வேண்டும்; பக்க எண் இல்லாத சான்றை நான் அரைச் சான்றாகவே கொள்வது வழக்கம். பிறகு அந்த நூலை எடுத்து, அந்தப் பக்கத்தைத் திறந்து, கட்டுரை சொல்வதை நூலும் சொல்கிறதா என்று பார்க்க வேண்டும். பலர் கடைசிப் படியைச் செய்வதே இல்லை. நூலின் பெயர் சரியாக இருக்கும், பக்கமும் சரியாக இருக்கும், ஆனால் அந்தப் பக்கத்தில் "இருக்கலாம்" என்று ஆசிரியர் ஐயத்தோடு எழுதியது கட்டுரையில் "ஆகும்" என்று உறுதியாகிவிட்டிருக்கும்.

நூல் கிடைத்தபின்பும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. அந்த நூலாசிரியருக்கு எப்படித் தெரியும்? போர்த்துக்கேயர் கால இலங்கையைப் பற்றி மிகுதியாக எடுத்தாளப்படும் வரலாற்றை எழுதிய பெர்னாவோ த குவைறோஸ் அடிகளார், 17 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கோவாவில் இருந்து எழுதியவர். கோயில் இடிபட்டதை நேரில் கண்டவரல்லர். அவருடைய நூலை எஸ். ஜி. பெரேரா அடிகளார் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தது 1930 இல்தான் கொழும்பில் வெளிவந்தது. இவ்வளவையும் பார்த்த மாணவர் "1622 என்று இவர் சொல்கிறார், 1624 என்று அவர் சொல்கிறார்" என்று தம் ஒப்படையில் எழுதுவாரானால், ஒற்றை ஆண்டை மனப்பாடம் செய்து எழுதியவரைவிட அவருக்கே அதிக புள்ளி கொடுக்க வேண்டும் என்பேன். பரீட்சைத் தாள் அதற்கு இடம் தராது என்பது வேறு விடயம்.

விக்கிப்பீடியாவின் மேல்விளிம்பில் உள்ள, அழுத்தித் திறக்கும் இரண்டு தத்தல்களைப் பாடசாலைகளில் எவரும் காட்டிக்கொடுப்பதாகத் தெரியவில்லை. ஒன்று அக்கட்டுரையின் வரலாறு. எந்தத் திகதியில், எந்தப் பயனர், எந்தச் சொல்லை மாற்றினார் என்பது முழுவதும் அங்கே கிடக்கிறது. 1622 என்பது 1624 ஆக மாற்றப்பட்டிருந்தால் மாற்றிய கையையும் நேரத்தையும் பார்க்கலாம். மற்றொன்று உரையாடல் பக்கம். சர்ச்சைக்குரிய தலைப்பானால் கட்டுரையைவிட அந்தப் பக்கமே சில வேளைகளில் அதிகம் கற்றுத்தரும். எந்த அச்சுக் கலைக்களஞ்சியமும் தன் அடித்தல் திருத்தல்களை இப்படி வெளியே வைத்ததில்லை. இப்போது பிள்ளைகள் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் கேட்டு எழுதத் தொடங்கியிருக்கிறார்கள்; அவை தரும் விடையில் யார் எப்போது எதை மாற்றினார் என்று பின்னோக்கிப் பார்க்க இப்படி ஒரு பக்கம் இல்லை. விக்கிப்பீடியாவைத் தடுத்துவிட்டு அச்செயலிகளை விட்டுவைத்திருப்பவர்கள் இதைச் சிந்திக்க வேண்டும்.

சான்று இருக்கிறது என்பதோடு விடயம் முடிந்துவிடுவதும் இல்லை. திருக்கோணேச்சரத்துக்குக் குளக்கோட்டன் என்ற மன்னன் திருப்பணி செய்த காலம் கலி 512, அதாவது கலியுகத்தின் 512 ஆம் ஆண்டு, என்று கோணேசர் கல்வெட்டு சொல்கிறது. கோணேசர் கல்வெட்டு என்பது கல்லில் வெட்டப்பட்ட சாசனம் அன்று. கவிராசவரோதயர் பெயரில் வழங்கும், கோயில் மரபையும் தொழும்பு எனப்படும் கோயில் தொண்டு முறைகளையும் சொல்லும் இலக்கியம். இதை அறியாதவர் கலி 512 என்பதற்குக் கல்வெட்டுச் சான்று இருப்பதாக எண்ணி எழுதிவிடலாம். அடிக்குறிப்பும் முறைப்படி இருக்கும். கோயில் மரபு எதை நம்பியது என்பதற்கு அந்நூல் முதல்தரச் சான்று. மன்னன் ஒருவன் எந்த ஆண்டில் வாழ்ந்தான் என்பதற்கு அது அப்படிப்பட்ட சான்றன்று. ஒரே நூல் ஒரு கேள்விக்கு வலுவானதாகவும் மற்றொரு கேள்விக்கு வலுவற்றதாகவும் இருக்கும் என்பதை எந்தத் தளமும் தானாகச் சொல்லித் தராது.

உண்மையான கல்லும் நம் ஊரில் இருக்கிறது. போர்த்துக்கேயர் எழுப்பிய அந்தக் கோட்டையின், அதாவது இன்றைய பிரெட்ரிக் கோட்டையின் வாயிலில், இணைக்கயல் சின்னத்துக்கு அருகே உள்ள அந்தச் சாசனம் சிதைந்து, எழுத்துகள் பல அழிந்த நிலையில் உள்ளது. "முன்னே குளக்கோட்டன் மூட்டும் திருப்பணியை" என்று தொடங்கி நாம் பாடமாகச் சொல்லும் செய்யுள், எஞ்சிய எழுத்துகளோடு வாய்வழி மரபையும் சேர்த்து நிரப்பிக்கொண்ட வடிவம். அதனால்தான் அச்செய்யுள் நூலுக்கு நூல் சொல் வேறுபட்டு வருகிறது. இணையத்தில் அதை முழுமையாகக் காணும் ஒருவர், கல்லிலும் அப்படியே முழுமையாக இருப்பதாகவே எடுத்துக்கொள்வார். நல்ல கட்டுரை என்றால் கல்லில் உள்ள எழுத்து எது, அறிஞர் ஊகித்தது எது, மக்கள் வழக்கில் வருவது எது என்று பிரித்துக் காட்ட வேண்டும். ஒருவர் கோட்டைக்குப் போய்த் தம் கண்ணால் பார்த்துப் புதிதாக ஒரு வாசிப்பைக் கண்டுபிடித்தாலும், அதை விக்கிப்பீடியாவில் நேரே எழுத முடியாது. சொந்த ஆய்வுக்கு அங்கே இடமில்லை. முதலில் வேறெங்காவது வெளியாகியிருக்க வேண்டும். இந்த விதியை முட்டாள்தனம் என்று என்னிடம் கோபித்துக்கொண்டவர்கள் உண்டு. எனக்கு அது பிடித்த விதி. ஆனால் அதன் விளைவு நம்மைப் போன்ற ஊர்களுக்குப் பாதகமானது என்பதையும் மறுக்கமாட்டேன். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

"முதலாவது" என்று தொடங்கும் எந்தக் கூற்றையும் ஐயத்தோடு வாசிக்கப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். திருகோணமலை எஸ். இன்னாசித்தம்பி எழுதி 1891 இல் வெளிவந்த "ஊசோன் பாலந்தை கதை" இலங்கையின் முதலாவது தமிழ் நாவல் என்று சொல்லப்பட்டதுண்டு. சித்திலெப்பையின் "அசன்பேயுடைய கதை" 1885 இலேயே வெளிவந்துவிட்டது. நம்மூர்த் தி. த. சரவணமுத்துப்பிள்ளையின் "மோகனாங்கி" 1895 இல் வந்தது. தமிழின் முதலாவது வரலாற்று நாவல் என்ற பெயர் அதற்கு உண்டு. ஊர்ப்பற்று இத்தகைய வாக்கியங்களில் நுழைவது இயல்பு. முதற்பதிப்பின் தலைப்புப் பக்கத்தைப் பார்த்தவர் யார் என்று கேட்டால் பாதிக் கூற்றுகள் அடங்கிவிடும்.

இனி, விக்கிப்பீடியாவை ஆதரிப்போர் எப்போதும் கையில் எடுக்கும் ஒப்பீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2005 டிசெம்பரில் நேச்சர் ஆய்விதழ், 42 அறிவியல் தலைப்புகளில் விக்கிப்பீடியாவையும் பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தையும் துறைவல்லுநர்களிடம் கொடுத்துப் பிழை பார்க்கச் செய்தது. கட்டுரை ஒன்றுக்குச் சராசரியாக விக்கிப்பீடியாவில் ஏறத்தாழ நான்கு பிழைகளும் பிரிட்டானிக்காவில் ஏறத்தாழ மூன்று பிழைகளும் காணப்பட்டன. பாரதூரமான பிழைகள் இரண்டிலும் நான்கு நான்குதான். பிரிட்டானிக்கா 2006 இல் அந்த ஒப்பீட்டு முறையையே கடுமையாக மறுத்தது. நேச்சர் தன் முடிவிலிருந்து இறங்கவில்லை. அது ஆங்கில விக்கிப்பீடியா பற்றியது, அறிவியல் பற்றியது, ஆயிரக்கணக்கான கண்கள் பார்க்கும் தலைப்புகள் பற்றியது. அதைத் தமிழ்க் கட்டுரைகளுக்குப் பொருத்துவதற்கு எந்த நியாயமும் இல்லை.

கண்களின் எண்ணிக்கை எப்படி மாறுபடுகிறது என்பதற்கு நம் ஊரிலேயே சான்று இருக்கிறது. ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஒஸ்டினின் தம்பி, கடற்படை அதிகாரி சார்ள்ஸ் ஒஸ்டின் 1852 ஒக்ரோபரில் பர்மாவில் இறந்து திருகோணமலையில் அடக்கம் செய்யப்பட்டார். அவரைப் பற்றிய ஆங்கிலக் கட்டுரையில் எவராவது ஒரு திகதியை மாற்றினால், உலகெங்கும் உள்ள ஒஸ்டின் வாசகரில் ஒருவர் விரைவில் அதைக் கண்டுவிடுவார். அதே மண்ணில் பிறந்து தமிழ் வளர்த்த ஒருவரைப் பற்றிய தமிழ்க் கட்டுரையில் பிறந்த ஆண்டு பிழையாக இருந்தால், அது ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும், கவனிக்க ஆளில்லை.

சிறிய பதிப்புகளுக்கு வரும் ஆபத்து கற்பனையல்ல. குரோவேசிய மொழி விக்கிப்பீடியாவில் ஒரு குழு பல ஆண்டுகள் ஆதிக்கம் செலுத்தி வரலாற்றைத் தன் தேசியவாதச் சார்புக்கு ஏற்ப வளைத்ததை, விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா நிறுவனம் 2021 இல் வெளியிட்ட அறிக்கையே எடுத்துக்காட்டியது. ஸ்கொட்ஸ் மொழிப் பதிப்பின் கட்டுரைகளில் பல்லாயிரத்தை அம்மொழி அறியாத அமெரிக்க இளைஞர் ஒருவர் எழுதிவைத்திருந்தது 2020 இல்தான் வெளிச்சத்துக்கு வந்தது. தமிழில் இவ்வளவு தூரம் போகவில்லை. ஆயினும் 2010 ஐ ஒட்டிய ஆண்டுகளில் கூகுள் நிறுவனம் கூலிக்கு ஆள் வைத்து ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழாக்கி இட்டபோது, வாசிக்க முடியாத நடையில் நீண்ட கட்டுரைகள் வந்து குவிந்தன. தமிழ் விக்கிப்பீடியர்கள் அதை எதிர்த்துக் குரல் எழுப்பினார்கள். அந்தச் சமூகம் விழிப்பாக இருக்கிறது என்பதற்கு அது நல்ல அடையாளம். அது எவ்வளவு சிறியது என்பதற்கும் அதுவே அடையாளம்.

பத்திரிகை ஆசிரியரான தங்களுக்கு எழுதும்போது இதையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. பிரெஞ்சு இசையமைப்பாளர் மொறிஸ் ஜார் 2009 மார்ச்சில் காலமானபோது, டப்ளின் நகர மாணவர் ஒருவர், அவர் சொன்னதாகத் தாமே புனைந்த வாசகம் ஒன்றை விக்கிப்பீடியாவில் சேர்த்தார். சான்று இல்லையென்று விக்கிப்பீடியாத் தொகுப்பாளர்கள் நீக்கினார்கள். மீண்டும் சேர்த்தார், மீண்டும் நீக்கினார்கள். அதற்கிடையில் பல நாட்டுப் பத்திரிகைகள் அதை இரங்கற் குறிப்புகளில் அச்சிட்டுவிட்டன. மாணவர் தாமே முன்வந்து சொல்லும்வரை பிழை வெளிப்படவில்லை. பத்திரிகை விக்கிப்பீடியாவைப் பார்த்து எழுத, பின் விக்கிப்பீடியா அந்தப் பத்திரிகையையே சான்றாகக் காட்டும் சுழற்சி இப்படித்தான் உருவாகிறது. ஆகவே உள்ளூர்ச் செய்தியொன்று கட்டுரையில் சான்றாக வந்திருந்தால், செய்தி முந்தியதா கட்டுரை வாக்கியம் முந்தியதா என்று திகதிகளை ஒப்பிட்டுப் பார்ப்பது உசாத்துணைப் பணியாளரின் வேலைகளில் ஒன்றாக வேண்டும்.

முன்னே சொன்ன பாதகத்துக்கு வருகிறேன். வெளியான நூலில் இருப்பது மட்டுமே ஏற்கப்படும் என்றால், எவை வெளியாயின, அவை எங்கே இருக்கின்றன என்பது முதற்கேள்வியாகிறது. திருகோணமலையின் வரலாற்றில் கணிசமான பகுதி பெரிய நூல்களில் இல்லை. அது ஆலயக் கும்பாபிஷேக மலர்களிலும், பாடசாலைகளின் நூற்றாண்டு மலர்களிலும், சனசமூக நிலையங்களின் ஆண்டு மலர்களிலும், ஒருவர் மறைந்த 31 ஆம் நாளில் வீட்டார் அச்சிட்டு வழங்கும் நினைவு மலர்களிலும் இருக்கிறது. இவற்றில் பலவற்றுக்கு முதுகில் தலைப்பு இல்லை, சர்வதேசத் தராதர நூல் எண் இல்லை, சிலவற்றில் அச்சிட்ட ஆண்டே இல்லை. நூலகத்துக்கு அன்பளிப்பாக வந்தால் கட்டாகக் கட்டி அலுமாரியின் கீழ்த்தட்டில் வைக்கப்படும், பட்டியலில் ஏறாது. இடப்பெயர்வுகளிலும் 2004 டிசெம்பர் ஆழிப்பேரலையிலும் வீடுகளில் இருந்தவை எவ்வளவு போயின என்று யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. எஞ்சியவையும் பட்டியலில் இல்லையென்றால், விக்கிப்பீடியாவில் எழுதப் புகுபவர் அவற்றைத் தேடிப் போகமாட்டார். வேறு தளங்களில் உள்ளதைப் பார்த்து எழுதுவார்.

இம்மலர்களை அப்படியே நம்பச் சொல்லவில்லை. பாடசாலை நூற்றாண்டு மலரில் உள்ள அதிபர் பட்டியலை நான் பெரும்பாலும் நம்புவேன். அது பதிவேட்டைப் பார்த்து எழுதப்படுவது. அதே மலரின் முதற்கட்டுரையில் அவ்வூரின் பழமை இராவணன் காலத்துக்குப் போயிருந்தால், அந்தப் பக்கத்தைப் புன்னகையோடு புரட்டிவிட்டு அடுத்ததைப் பார்ப்பேன். எதை எதற்கு எடுக்கலாம் என்ற இந்தப் பகுத்தறிவு பல ஆண்டுகள் மலர்களோடு பழகிய நூலகரிடம் இருக்கிறது. அது அவர் ஓய்வுபெறும் நாளில் அவரோடு வீட்டுக்குப் போய்விடுகிறது.

உலக நூலகங்கள் இதற்கு ஒரு வழி கண்டிருக்கின்றன. விக்கிப்பீடியாவின் 15 ஆவது ஆண்டு நிறைவை ஒட்டி 2016 ஜனவரியில், நூலகர் ஒவ்வொருவரும் சான்றில்லாத ஒரு வாக்கியத்துக்கு ஒரு சான்றைச் சேர்க்க வேண்டும் என்ற இயக்கம் தொடங்கியது. ஆண்டுதோறும் அது நடைபெறுகிறது. புதிதாகக் கட்டுரை எழுதத் தேவையில்லை. "சான்று தேவை" என்று குறியிட்ட ஒரு வாக்கியத்தை எடுத்து, அலுமாரியில் இருந்து நூலை எடுத்து, பக்க எண்ணோடு சேர்த்தால் போதும். நமது மாவட்டத்துப் பொது நூலகங்களும் பாடசாலை நூலகங்களும் கோணேசபுரியில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழக வளாக நூலகமும் ஆண்டில் ஒரு வாரத்தை இதற்கு ஒதுக்கினால், கன்னியா வெந்நீர்க் கிணறுகள் தொடக்கம் மூதூர், வெருகல் வரையான கட்டுரைகள் கண்ணுக்குத் தெரியும்படி திருந்தும். 2012 சனத்தொகைக் கணக்கெடுப்பின் எண்களோடு நிற்கும் பக்கங்களை 2024 கணக்கெடுப்பின் எண்களுக்குக் கொண்டுவருவதே ஒரு நாள் வேலைக்குப் போதும். ஒரே ஒரு கட்டுப்பாடு வேண்டும்: தத்தம் பாடசாலையையும் தத்தம் அதிபரையும் புகழ்ந்து எழுத இந்த வாரத்தைப் பயன்படுத்தக்கூடாது.

நூலகங்கள் தமக்கென்று ஒரு விக்கி, அதாவது பலர் சேர்ந்து தொகுக்கும் இணையத்தளம், வைத்துக்கொள்வதும் புதுமையல்ல. விக்கிப்பீடியா இயங்கும் மீடியாவிக்கி மென்பொருள் இலவசமானது. அதைக் கொண்டு அமெரிக்காவில் சில பொது நூலகங்கள் இருபது ஆண்டுகளுக்கு முன்பே பொருள்வாரி வழிகாட்டிகளை அமைத்தன. அவ்வளவு தூரம் போக வேண்டாம். ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் மலர்களையும் எண்ணிமப்படுத்தி வரும் நூலகம் திட்டம் 2005 முதல் நடந்துவருகிறது. அதன் தளமும் மீடியாவிக்கியில்தான் நிற்கிறது. நம் மலர்க் கட்டுகளுக்கு அப்படி ஒரு விக்கியில் மலருக்கு ஒரு பக்கம் போட்டு, உள்ளே உள்ள கட்டுரைத் தலைப்புகளையும் பெயர்களையும் ஏற்றினால் அதுவே பெரிய காரியம். தொகுக்கும் உரிமை பணியாளருக்கும் பயிற்சி பெற்ற வாசகர் வட்ட உறுப்பினருக்கும் மட்டும் இருக்கட்டும். திருத்தம் சொல்ல எல்லோருக்கும் இடம் இருக்கட்டும். இத்தகைய விக்கிகளைக் கெடுப்பது பெரும்பாலும் விஷமிகள் அல்லர், ஆர்வம் வற்றிப்போவதுதான். தொடங்கிய அலுவலர் இடமாற்றம் பெற்றுப் போனதும் கடவுச்சொல்லும் அவரோடு போய்விடும். எனவே ஒருவரின் விருப்பமாக விடாமல், பணிப் பட்டியலில் எழுதி இருவர் பொறுப்பில் கொடுப்பது நல்லது.

இணைய வசதி குறைந்த கிளை நூலகங்களை மறந்துவிட வேண்டாம். கிவிக்ஸ் என்ற இலவசச் செயலி மூலம் தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும் ஒரு கணினியில் இறக்கிவைத்து, இணைப்பு இல்லாமலே வாசிக்கலாம். அது இறக்கிய நாளின் படி என்பதைத் திரைக்கு மேலே ஒரு துண்டுத் தாளில் திகதியோடு ஒட்டிவைக்க வேண்டும். மாற்ற வரலாறும் உரையாடல் பக்கமும் அதில் வராது என்பதையும் சேர்த்து எழுதலாம்.

பாடசாலைகளிடம் நான் கேட்பது சிறிய மாற்றம். ஒப்படையில் விக்கிப்பீடியாவை எழுதலாம். எழுதினால் பார்த்த திகதியையும், அந்தத் திகதிக்குரிய நிலையான இணைப்பையும், அக்கட்டுரையில் காட்டப்பட்ட சான்றுகளில் குறைந்தது ஒன்றைத் தாமே திறந்து பார்த்த பக்க எண்ணையும் சேர்த்து எழுத வேண்டும் என்று விதியை மாற்றட்டும். கடைசியாகச் சொன்னதற்கு மாணவர் நூலகத்துக்கு வந்தே ஆக வேண்டும்.

பத்திரிகைகளிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. திருகோணமலை பற்றிய தமிழ்க் கட்டுரைகளில் சான்றாக வரும் இலங்கைப் பத்திரிகைச் செய்திகளின் இணைப்பை அழுத்தினால், பக்கம் இல்லை என்ற அறிவிப்பே பல தடவைகளில் வருகிறது. தளத்தைப் புதுப்பிக்கும்போது பழைய முகவரிகள் கைவிடப்படுவதே காரணம். செய்தி அச்சில் வந்திருக்கும், ஆனால் அடிக்குறிப்பு செத்துப்போயிருக்கும். தங்கள் பத்திரிகை அடுத்த முறை தன் இணையத்தளத்தை மாற்றியமைக்கும்போது, பழைய முகவரிகள் தானாகப் புதிய இடத்துக்குச் செல்லும்படி செய்வதோடு, ஒவ்வொரு செய்தியின் கீழும் அது அச்சில் வந்த திகதியையும் பக்க எண்ணையும் போட்டுவைத்தால், இணைப்பு அறுந்தாலும் நூலகத்தில் கட்டி வைத்திருக்கும் பத்திரிகைத் தொகுப்பில் அதை எடுத்துக் காட்ட எங்களால் முடியும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நூலகப் பணியாளர் ஒருவர்,
உவர்மலை,
திருகோணமலை.